மேடு ஏறும் பிள்ளைக்கு நிறுத்தற்கடிகாரம் எதற்கு?



இது நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வாசித்து முடிக்க முன்னம் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. பௌதிகவியல் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து முறைத்தவர்களையும் நான் பார்த்தவன்தான்.

போன கிழமை பேத்தியின் படமொன்று போட்டிருந்தேன். தலையில் ஹெல்மெட், இரண்டு கையிலும் நீளத் தடி, காலில் சில்லுப் பூட்டிய சட்டம். ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு ஏற்றத்தில் நிற்கிறாள். படத்துக்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அவற்றில் மூன்று கருத்துகள் என்னை விடவில்லை.

ஒன்று, ரொறன்ரோவில் இருக்கும் மாணவர் எழுதியது: "சேர், பனியே இல்லாத நேரத்தில உது என்ன பனிச்சறுக்கு?"

இரண்டு, லண்டனில் இருந்து ஒரு உறவு: "பிள்ளை நல்லாக் கறுத்துப்போனாள். வெயிலுக்குள்ள விடாதேங்கோ."

மூன்று, இங்கே நோர்வேயிலேயே பிள்ளை வளர்க்கும் ஒருவர்: "எத்தனை நிமிசத்தில மேல ஏறுறாள் சேர்? எங்கட மகன் இப்ப பதினொரு நிமிசத்துக்குக் கீழ வந்திட்டான்."

முதலாவது அறியாமல் கேட்ட கேள்வி. அதற்கு விளக்கம் போதும். மற்ற இரண்டும் பிள்ளைகளுக்குக் கேடு செய்கிறவை. பெயர் சொல்லமாட்டேன். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் விடமாட்டேன்.

முதலில், உது என்ன விளையாட்டு?

நோர்வேயில் இதற்கு 'ரூல்லெஸ்கி' என்று பெயர். தமிழில் சில்லுச் சறுக்கு என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட முக்கால் மீற்றர் நீளச் சட்டம், முன்னும் பின்னும் சில்லு. பனியில் நெடுந்தூரம் சறுக்கி ஓடும் போட்டிக்காரர், பனி உருகியபிறகு இதைப் போட்டுக்கொண்டு தார் றோட்டில் பழகுவார்கள். அவர்களுடைய பயிற்சி ஆண்டு மே 1ஆம் திகதி தொடங்கும். பனிச்சறுக்கு வீரர் கோடையில்தான் உருவாகிறார் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். ஆனால் அது ஒரு கோடையைப் பற்றிய பேச்சு அல்ல. பத்துப் பதினைந்து கோடைகளைப் பற்றிய பேச்சு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஏன் மேடு? போட்டிப் பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்றம், மூன்றில் ஒரு பங்கு இறக்கம், மிச்சம் மேடு பள்ளம். தூரத்தில் மூன்றில் ஒன்றாக இருந்தாலும், நேரத்தில் பாதிக்கு மேல் ஏற்றத்தில்தான் போகும். ஏனென்றால் அங்கேதான் வேகம் குறைவு. ஆகவே ஏற்றத்தில் நன்றாகப் போகிறவர்தான் போட்டியிலும் முன்னுக்கு வருவார். இத்தாலியில் நடக்கும் ரூர் டி ஸ்கி தொடரின் கடைசி ஓட்டம் அல்பே செர்மிஸ் மலையின் சறுக்குச் சரிவில் நேரே மேல்நோக்கி ஏறுவதுதான். நோர்வேயின் தென்மேற்கில் லீசெபொத்ன் என்ற இடத்தில் 27 கொண்டையூசி வளைவுள்ள மலைப்பாதை இருக்கிறது. அதில் கோடை காலத்தில் பெரிய வீரர்கள் சில்லுச் சறுக்கிலேயே ஏறிப் போட்டி போடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மேடு என்றால் விளங்காது. கீரிமலையில்கூட மலை இல்லை. ஆனால் சோளகக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் வந்த உங்களுக்கு இதைச் சொல்லலாம். அந்த எதிர்காற்றில் எழும்பி நின்று மிதித்தபோது தொடையும் நெஞ்சும் என்ன பாடுபட்டன? அதோடு இரண்டு கையாலும் தடி ஊன்றித் தள்ளுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் இது. கை, கால், முதுகு, இதயம், நுரையீரல் எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். வேகம் குறைவு என்பதால் விழுந்தாலும் பெரிய காயம் வராது. வளரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு.

ஆகவே நான் இதற்கு எதிரானவன் அல்ல. மேடு வேண்டும், கோடை வேண்டும், வியர்வை வேண்டும். நான் கேட்பது ஒன்றைத்தான்: மேட்டின் உச்சியில் கைத்தொலைபேசியோடு நிற்கும் பெற்றோருக்கு அங்கே என்ன வேலை?

நடப்பது என்ன

பேத்தி போகும் குழுவில் பதின்மூன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள். பயிற்றுநர் பாவம், சம்பளம் இல்லாமல் வேலை முடிந்து வருகிற ஒரு பெற்றோர். இந்த நாட்டில் சிறுவர் விளையாட்டின் பெரும்பகுதி இப்படிப்பட்ட இலவச உழைப்பில்தான் நடக்கிறது. அவர் சொல்வது தெளிவானது: "நாலு தரம் ஏறுங்கள். பக்கத்தில் வருகிறவரோடு கதைக்கக்கூடிய அளவில் போங்கள். நாலாவது தரமும் முதல் தரம் மாதிரியே அழகாக ஏறவேண்டும்."

பிள்ளைகள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். மேலே பெற்றோர் சிலர் நேரம் எடுக்கிறார்கள். பிள்ளைகளின் கைக்கடிகாரமும் தானாகவே எடுக்கிறது. இரவு வட்ஸ்அப் குழுவில் பட்டியல் வருகிறது. யார் முதலாவது, யார் கடைசி, போன கிழமையைவிட எத்தனை செக்கன் குறைவு. பக்கத்தில் கைதட்டும் சின்னப் படங்கள். பயிற்றுநர் கேட்காத பட்டியல். கழகம் கேட்காத பட்டியல்.

அடுத்த கிழமை பிள்ளைகள் கதைத்துக்கொண்டு ஏறுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறார்கள்.

இதைச் செய்வது தமிழர் மட்டும் அல்ல. நோர்வேஜியப் பெற்றோரும் செய்கிறார்கள். ஆனால் நான் நோர்வேஜியருக்குப் படிப்பித்தவன் அல்ல. உங்களுக்குப் படிப்பித்தவன். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

அளவீடு பற்றி உங்களுக்கு என்ன படிப்பித்தேன்?

ஆய்வுகூடத்தில் முதல் நாள் சொன்னதை நினைவிருக்கிறவர்கள் கை உயர்த்துங்கள். ஒரு கணியத்தை ஒப்பிட வேண்டுமானால் மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும். இந்த மேட்டுப் பட்டியலில் எது மாறாமல் இருக்கிறது?

சில்லு மாறுகிறது. சில்லுச் சறுக்கின் இறப்பர்ச் சில்லுகள் வெவ்வேறு வேகத்துக்கென்று இலக்கமிட்டு விற்கப்படுகின்றன. மெதுவானதும் உண்டு, விரைவானதும் உண்டு. தேய்ந்த சில்லு, புதுச் சில்லு, சூடேறிய சில்லு எல்லாம் வெவ்வேறு விதமாக ஓடும். ஒரே பிள்ளை ஒரே ஏற்றத்தில் இரண்டு வகைச் சில்லில் ஏறினால் இரண்டு நேரம் வரும். அப்படியானால் பட்டியல் எதை அளந்தது? பிள்ளையையா, சில்லையா?

இது தெரிந்த ஒரு தகப்பன் என்ன செய்தார் தெரியுமா? விரைவான சில்லு வாங்கிப் பூட்டிவிட்டார். மகன் பட்டியலில் மேலே போனான். பாரம் தூக்கிப் பழகப்போகும் பிள்ளைக்குப் பாரத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, "பார், எவ்வளவு கெதியாகத் தூக்குறான்" என்று மகிழ்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உடல் மாறுகிறது. 40 கிலோ பிள்ளை 100 மீற்றர் உயரம் ஏறினால் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை ஏறக்குறைய 40,000 யூல். 55 கிலோ பிள்ளை செய்யும் வேலை 55,000 யூல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே வந்தால் பட்டியலில் சமம். உண்மையில் சமமா?

எல்லாவற்றிலும் பெரியது வயது. பிறந்த திகதி சொல்லும் வயதை விடுங்கள். உடம்பு சொல்லும் வயதைச் சொல்கிறேன். பெண்பிள்ளைகள் பொதுவாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி விரைவாக வளர்வார்கள். ஆண்பிள்ளைகள் பதினாலை ஒட்டி. இதிலும் பிள்ளைக்குப் பிள்ளை சில வருட வித்தியாசம் உண்டு. ஒரே வகுப்பில், ஒரே பட்டியலில், மீசை அரும்பியவனும் பால்முகம் மாறாதவனும் நிற்கிறார்கள். பதினாலு வயதில் நேரம் எடுத்தால் தெரியவருவது யார் முதலில் வளர்ந்தார் என்பதுதான். யார் நல்ல வீரர் ஆவார் என்பது அல்ல. ஒரே ஆண்டில் பிறந்தவர்களை ஒரே பிரிவில் போடுவதால் தை மாதத்தில் பிறந்தவனுக்கும் மார்கழியில் பிறந்தவனுக்கும் இடையிலேயே கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி.

யொஹன்னெஸ் ஹோஸ்ஃப்லொட் கிளேபோவைத் தெரியாதவர் இங்கே இல்லை. 2025இல் துரொன்ஹைமில் நடந்த உலகப் போட்டியில் ஆறு ஓட்டங்களிலும் ஆறு தங்கம் எடுத்தவர். அவர் பிறந்தது 1996 ஒக்ரோபரில். வருடக் கடைசிப் பிள்ளை. அவரைச் சிறுவயதிலிருந்து பழக்கியவர் அவருடைய தாத்தா. இதைத் தாத்தாமாருக்காகச் சொல்கிறேன். நாங்களும் ஏதோ உதவுவோம், அலட்சியப்படுத்தாதேங்கோ.

வளரும் உடம்பு பட்டியலுக்குக் கீழ்ப்படியாது

வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில் எலும்பு முந்திக்கொண்டு நீளும். தசையும் தசைநாணும் பின்னால்தான் வரும். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பில் தசைநாண் பற்றும் இடத்தில் நோவும் வீக்கமும் வருவது இந்த வயதில் சாதாரணம். மருத்துவர்கள் அதை ஒஸ்குட்-ஷ்லாட்டர் என்று சொல்வார்கள். ஓய்வும் அளவான பயிற்சியும் இருந்தால் ஆறிவிடும். ஒவ்வொரு கிழமையும் முழுமூச்சாக ஏறினால் இழுபடும்.

கையும் காலும் நீண்டபிறகு பழைய சமநிலை உதவாது. தடியின் நீளம் மாறும். ஊன்றும் இடம் மாறும். பிள்ளை தெரிந்த வித்தையையே திரும்பப் பழகவேண்டும். அந்த மாதங்களில் நேரம் கூடத்தான் செய்யும். பிள்ளை பிழை விடவில்லை, வளர்கிறது. ஆனால் பட்டியலில் "பின்னுக்குப் போய்விட்டாள்" என்றுதான் தெரியும்.

குழுவில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். போன கோடையில் பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது. பனிக்காலத்துக்குள் ஒரேயடியாக உயர்ந்துவிட்டாள். இந்தக் கோடையில் ஒன்பதாவது, பத்தாவது. மூன்று கிழமை அப்படி வந்தது. நாலாவது கிழமை அவள் வரவில்லை. இப்போது அவளுடைய சில்லுச் சறுக்கு இணையத்தில் விற்பனைக்குக் கிடக்கிறது. "பாவித்தது குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள். தாயிடம் கேட்டேன். "அவளுக்கு இப்ப விருப்பமில்லை சேர்" என்றார். விருப்பம் தானாகப் போகவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை இரவும் கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் எடுத்தோம். பயிற்றுநர் எனக்குச் சொன்னார், குழுவில் ஆக அழகாக ஏறியவள் அவள்தானாம். அதைப் பட்டியலில் எழுத இடம் இல்லை.

எல்லா நாளும் கடுமை என்றால் எந்த நாளும் கடுமை இல்லை

நோர்வேயில் உச்ச விளையாட்டு வீரருக்கான பயிற்சிக் கடுமையை ஐந்து படிகளாகப் பிரிப்பார்கள். ஒன்று மிக இலேசு. ஐந்து மூச்சு முட்டும் கடுமை. உலகத்தரமான நெடுந்தூர வீரர்களின் பயிற்சியில் மிகப் பெரும்பகுதி கீழ்ப்படிகளில்தான் நடக்கிறது. தெற்கே அக்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் பல வருடங்களாக ஆராய்ந்து எழுதிய விடயம் இது. இலேசான நாள் உண்மையிலேயே இலேசாக இருக்கவேண்டும். அப்போதுதான் கடுமையான நாளில் உண்மையிலேயே கடுமையாகப் போகலாம்.

நிறுத்தற்கடிகாரம் இதைத்தான் கெடுக்கிறது. இலேசு என்று பயிற்றுநர் குறித்த மாலை அரைப் போட்டியாகிறது. பிள்ளை களைக்கிறது. அடுத்த கடுமையான நாளில் அதற்குச் சத்து இல்லை. கடைசியில் எல்லாமே நடுத்தரம். கண்ணுக்கு உழைப்பாகத் தெரியும், உடம்புக்குப் பயன் குறைவு.

வித்தையும் கெடுகிறது. ஒரு நுணுக்கம் சொல்கிறேன். பழைய பாணிச் சில்லுச் சறுக்கில் ஒரு சில்லு பின்னுக்கு உருளாதபடி பூட்டு வைத்திருப்பார்கள். அதனால் எப்படி உதைத்தாலும் பிடி கிடைக்கும். பனியில் அப்படி இல்லை. சரியான கணத்தில், உடல் பாரத்தை முழுவதும் ஒரு காலில் வைத்து அழுத்தினால்தான் பிடிக்கும். இல்லாவிட்டால் வழுக்கும். ஆகவே தார் றோட்டு பிள்ளையின் பிழையை மன்னித்துவிடும். பனி மன்னிக்காது. நேரத்துக்காக அவசரப்படும் பிள்ளை கோடை முழுவதும் பிழையான உதைப்பைப் பழகிக்கொண்டு மார்கழியில் பனியில் வழுக்குகிறது. அதனால்தான் நல்ல பயிற்றுநர்கள் சில்லை மட்டும் நம்புவதில்லை. தடியோடு மேட்டில் நடக்கவும் துள்ளி ஏறவும் விடுகிறார்கள். அதில் சில்லும் இல்லை, பொய்ப் பிடியும் இல்லை.

"போட்டி இல்லாமல் பிள்ளை முன்னேறுமா சேர்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதில் சொல்கிறேன்.

நோர்வேயில் சிறுவர் விளையாட்டுக்கென்று விதிகள் இருக்கின்றன. 1987இல் ஏற்றுக்கொண்டு 2007இல் புதுப்பித்தவை. பிள்ளைக்குப் பதினொரு வயதாகும் ஆண்டுவரை முடிவுப் பட்டியலோ தரவரிசையோ போடக்கூடாது. பதின்மூன்று வயதாகும் ஆண்டுவரை தேசிய வெற்றிக்கிண்ணப் போட்டிகளுக்குப் போகக்கூடாது. இதைக் கேட்டு எங்கள் ஆட்கள் சிலர் சிரிப்பதைக் கண்டிருக்கிறேன். "உப்பிடி வளர்த்தால் பிள்ளை எங்க உருப்படும்?" ஏறக்குறைய 55 இலட்சம் சனம் உள்ள இந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் எடுத்து முதலாவதாக வந்தது. அந்த விதிதான் தங்கம் தந்தது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்ல வேறு சான்று வேண்டும். ஆனால் அந்த விதி தங்கத்தைத் தடுக்கவில்லை என்பது கண்முன்னே தெரிகிறதல்லவா?

சரி, இந்தப் பிள்ளைகள் பதின்மூன்றைத் தாண்டியவர்கள். விதிப்படி பட்டியல் போடலாம். ஒத்துக்கொள்கிறேன். போட்டிக்கு நாள் இருக்கிறது, மார்பில் இலக்கம் இருக்கிறது, நேரம் எடுக்க ஆள் இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளை உயிரைக் கொடுத்து ஓடட்டும், தோற்கட்டும், அழட்டும், அதுவும் படிப்புத்தான். நான் கேட்பது, பழகுகிற நாளையும் ஏன் சோதனை ஆக்குகிறீர்கள் என்பதுதான். விதையை நட்டுவிட்டு வேர் விட்டதா என்று தினமும் கிண்டிப் பார்க்கிறவன் தோட்டக்காரனா?

எங்களுக்குள் இந்த நோய் எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளையை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருத்தி, வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தால் வீட்டில் இழவு வீடு மாதிரி இருந்த ஊர் எங்கள் ஊர். காலையில் ரியூசன், பின்னேரம் ரியூசன். அதற்கு அங்கே ஒரு காரணமாவது இருந்தது. இடம் குறைவு, வாய்ப்புக் குறைவு, யுத்தம், தரப்படுத்தல். உங்களில் பலருடைய பெற்றோர் அந்தப் பயத்தோடுதான் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் குளிரில் நின்று உழைத்து உங்களை ஆளாக்கினார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே பதினாலு வயதுப் பிள்ளைக்கு மேட்டின் உச்சியில் எந்த வெட்டுப்புள்ளியும் இல்லை. இல்லாத வெட்டுப்புள்ளியை நாங்கள்தான் சூட்கேசுக்குள் வைத்துக் கடல் கடந்து கொண்டுவந்திருக்கிறோம்.

ஏறியவர் இறங்கவும் வேண்டும்

இன்னொரு விடயம். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நாலு தரம் ஏறினால் மூன்று தரமாவது இறங்கவேண்டும். சில்லைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து இறங்கச் சொல்கிறார் பயிற்றுநர். அல்லது வானில் ஏற்றி இறக்குகிறார்கள். "நேரம் வீணாகுது, சறுக்கிக்கொண்டே வரட்டுமே" என்று சில பெற்றோர் முணுமுணுக்கிறார்கள்.

பௌதிகவியலுக்கு வாருங்கள். 10 மீற்றர் உயரம் இறங்கினால், உராய்வையும் காற்றுத் தடையையும் விட்டுவிட்டால், கீழே வரும்போது கதி செக்கனுக்கு 14 மீற்றர். அதாவது மணிக்கு 50 கிலோமீற்றர். உராய்வு பாதிச் சக்தியை விழுங்கிவிட்டது என்று வைத்தாலும் மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீற்றர். பத்து மீற்றர் என்பது மூன்று மாடி உயரம்தான். அந்த மேடு அதைவிடப் பல மடங்கு உயரம். கதி இரட்டித்தால் இயக்கசக்தி நாலு மடங்கு. இது உங்களுக்கு நித்திரையிலும் தெரியவேண்டும்.

சில்லுச் சறுக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் இல்லை. பிரேக் பூட்டிய வகைகள் உண்டு, பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளின் காலில் நான் அதிகம் காணவில்லை. காலை அகட்டிச் சில்லைத் தேய்க்கலாம், கரைப் புல்லுக்குள் ஏறலாம். அவ்வளவுதான். பனியில் விழுந்தால் உடுப்பு நனையும். தார் றோட்டில் விழுந்தால் தோல் போகும், அதற்கு மேலும் போகும். எதிரே கார் வரும். இந்த நாட்டு வீதி விதிப்படி சில்லுச் சறுக்கில் போகிறவர் பாதசாரி. மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் பிரேக் இல்லாத பாதசாரியை எந்தச் சாரதி எதிர்பார்ப்பார்? இறக்கம் பழகத்தான் வேண்டும். அதற்கு வாகனம் வராத தனிப் பாதைகள் இருக்கின்றன. ஹொல்மென்கொல்லனிலேயே இருக்கிறது. பொது வீதி அதற்கு இடம் அல்ல. ஹெல்மெட் இல்லாமல் ஒருபோதும் வேண்டாம், ஏற்றத்திலும்தான்.

பிள்ளையின் நிறமும் தோளும் உங்களுக்கு எதற்கு?

இப்போது இரண்டாவது கருத்து. "கறுத்துப்போனாள்."

கோடையில் வெளியே விளையாடினால் கறுக்கும். பிறகு என்ன? பதினாலு வயதுப் பெண்பிள்ளை மூச்சு வாங்க ஒரு மலை ஏறி நிற்கும் படத்தைப் பார்த்து எங்களுக்கு முதலில் தெரிவது அவளுடைய தோலின் நிறம் என்றால், பழுது எங்கள் கண்ணில் இருக்கிறது. நிறத்தோடு நிற்பதும் இல்லை. "தோள் ஆம்பிளைப்பிள்ளை மாதிரி அகலுது" என்று ஒரு கலியாண வீட்டில் அவள் காதுபடவே சொன்னார்கள். தடி ஊன்றுகிற பிள்ளைக்குத் தோள் வரும். அது உழைத்துப் பெற்ற தோள்.

மற்றப் பக்கத்தில் மேட்டு நேரம் பார்க்கிறவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். "கொஞ்சம் மெலிஞ்சால் கெதியாக ஏறலாம்." இது முந்தியதைவிட ஆபத்தானது. பாரம் குறைந்தால் ஏறுவது இலகு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. வளரும் உடம்பு அந்தக் கணக்கில் அடங்காது. செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாமல் பயிற்சி செய்தால் மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும், நோய் அடிக்கடி வரும். இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, ஆண்பிள்ளைகளுக்கும் வரும் என்று சொல்லி, 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்குத் தனிப் பெயரே வைத்தது. நெடுந்தூர விளையாட்டுகளில் இது பெரிய பிரச்சினை. ஒரு கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டு சொல்லும் ஒரு வசனத்தில் இருந்தும் இது தொடங்கலாம். பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம் கேட்கவேண்டிய ஒரே கேள்வி, "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். அது எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி.

என்ன செய்யலாம்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஆசிரியன் அல்ல. ஆகவே:

1. நேரம் எடுக்கத்தான் வேண்டுமென்றால், கோடை தொடக்கத்தில் ஒரு தரம், முடிவில் ஒரு தரம். அதே பிள்ளை, அதே மேடு, அதே சில்லு. அந்த இரண்டு எண்ணும் பிள்ளைக்கும் பயிற்றுநருக்கும் மட்டும்.

2. பட்டியலை வட்ஸ்அப்பில் போடாதீர்கள். யாராவது போட்டால் கைதட்டாதீர்கள். உங்களுடைய ஒரு கைதட்டு கடைசியில் இருக்கும் பிள்ளையின் வீட்டிலும் கேட்கும்.

3. மேலே நிற்க விருப்பமென்றால் தண்ணீர்ப் போத்தலோடு நில்லுங்கள். பிரதிபலிக்கும் மேலங்கி போட்டுக்கொண்டு வளைவில் நின்று வாகனத்துக்குக் கைகாட்டுங்கள். அது உண்மையான உதவி.

4. விரைவான சில்லுக்கும் விலை கூடிய சட்டத்துக்கும் காசு கொட்டாதீர்கள். வளரும் பிள்ளைக்குப் பாவித்த சாமான் போதும். சின்னதாகிப்போனதை விற்க முன்னம், குழுவில் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள். விளையாட்டுச் சாமானை இலவசமாக இரவல் தரும் 'புவா' நிலையங்கள் நாடெங்கும் இருக்கின்றன, அங்கேயும் விசாரியுங்கள்.

5. முழங்கால் நோகிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். சாட்டுச் சொல்லுது என்று முடிவெடுக்காதீர்கள்.

6. வீட்டுக்கு வந்ததும் "எத்தனையாவது?" என்று கேட்காமல், "யாரோடு கதைத்துக்கொண்டு ஏறினாய்?" என்று கேளுங்கள். மூச்சின் அளவும் தெரியும், பிள்ளைக்குக் கூட்டாளி இருக்கிறார்களா என்பதும் தெரியும்.

நிறுத்திப்போன அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனும் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள். அந்தச் சில்லுச் சறுக்கை விற்கும் விளம்பரத்தை இந்தக் கோடை முடியுமட்டும் எடுத்துவிடுங்கள். பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். சாமான் வீட்டு மூலையில் கிடக்கட்டும், அவள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவர்கள் பட்டியலை நிறுத்தினால் அவள் திரும்பி வரக்கூடும். அதற்கு உறுதி தர என்னால் முடியாது. ஆனால் பட்டியல் தொடர்ந்தால் அவளுக்குப் பின்னால் இன்னும் யார் யார் போவார்கள் என்று என்னால் இப்போதே பெயர் சொல்லமுடியும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். வயது போனாலும் வாசிப்பேன், பதிலும் எழுதுவேன். உங்கள் பிள்ளை எத்தனை நிமிசத்தில் ஏறுகிறது என்பதை மட்டும் எழுதாதீர்கள். அழித்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பௌதிகவியல் ஆசிரியர்